உனக்கு விழுந்த நான்கு ஓட்டுகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், புது டிவியும் சுகம்தான், அதுதான் தொல்லை. நீ சுகமா என்று போனில் கேட்டால் அந்தக் கேள்வி கூடத்துச் சுவரில் அறுபத்தைந்து அங்குலத்துக்குத் தெரியும், அதனால் காகிதத்தில் கேட்கிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக நீ பேசவில்லை. குடும்பக் குழுவில் "சரி, புரிஞ்சுது" என்று ஒரு வரி போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாய். நீ புரிந்துகொண்டது தப்பு. எப்படித் தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கடைசி வரை படி, நடுவில் கோபம் வந்தால் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படி.

லிஃப்ட் பழுது பார்க்கிற உன் சித்தப்பாவுக்கு எங்கே இரண்டு கம்பியைப் பார்த்தாலும் சேர்த்துவிட வேண்டும், உனக்குத் தெரிந்ததுதான். டிவி வந்த அன்றே அப்பா, நான், அத்தை, அவர் என்று எங்கள் நான்கு பேர் போனையும் வாசல் மணியின் கேமராவையும் அதோடு இணைத்துவிட்டார். "இனிமே டிவி வேற போன் வேறன்னு ஒண்ணும் கிடையாது அண்ணி, எல்லாம் ஒண்ணாயிடும். கதையில யாரு யாரைக் கட்டணும்னு நாமதான் சொல்லுவோம், இன்னும் பத்து வருஷத்துல நாமளே உள்ள போய் நடிப்போம் பாருங்க" என்றார். நான் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறவள், பெயர் ஒட்டாத பாட்டிலை அலமாரியில் வைக்க விடமாட்டேன். எல்லாம் ஒரே திரையில் வந்தால் எது எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அண்ணி எப்பவும் இப்படித்தான், லட்டர் பேட் காலத்து ஆளு" என்று சிரித்தார். இந்தக் கடிதமும் லெட்டர் பேடில்தான், சிரிக்கட்டும்.

தினமும் ஏழரை மணிக்கு ஒரு தொடர் வருகிறது. தூர தேசத்தில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் பெண், அவள் வீட்டில் பாலில் எதையாவது கலக்கத் துடிக்கும் ஒரு பெரியம்மா, எல்லாவற்றுக்கும் தலையாட்டும் ஒரு கோழை அப்பா. முக்கியமான இடத்தில் படம் நின்று, கீழே நீலப் பட்டையில் ஒரு கேள்வி வரும், முப்பது விநாடிக்குள் பச்சையையோ சிவப்பையோ அழுத்த வேண்டும். சித்தப்பா செய்து வைத்த ஏற்பாட்டில் ரிமோட்டை ஒரு முறை அழுத்தினால் நான்கு போன் கணக்கிலும் நான்கு ஓட்டு விழும். இதில் என் போனும் சேர்த்தி, என்னை யாரும் கேட்கவில்லை. உன் அப்பா முப்பது வருடமாகப் பரீட்சைத் தாள் திருத்துகிறவர். கேள்வி என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் விடை எழுதாமல் விடுவது அவருக்குப் பாவம். கீழ்வீட்டிலிருந்து உன் அத்தையும் ஏழு இருபத்தைந்துக்கே வந்து சாய்வு நாற்காலியைப் பிடித்துவிடுகிறாள்.

முதல் அடி உன் பார்சலுக்கு விழுந்தது. நீ அப்பாவுக்கு அனுப்பிய செருப்பு மூன்று முறை திரும்பிப் போனதே, அது அந்தக் கூரியர்காரர் தப்பில்லை. தொடர் ஓடும் நேரமாகப் பார்த்து அவர் மணி அடிக்க, வாசல் கேமரா அவர் முகத்தைத் திரை முழுக்கக் காட்டி "திறக்கவா?" என்று கேட்டிருக்கிறது. "யாருடா இவன், முழியே சரியில்ல, தம்பி சிவப்பை அமுக்குடா, உள்ள விட்டா அந்தப் பொண்ணு கதி அவ்வளவுதான்" என்று அத்தை கத்த, அப்பா அமுக்கியிருக்கிறார். மூன்று நாளும் இதே கதை. நான்காம் நாள் நான் வாசலில் நின்று வாங்கினேன். "உங்க வீட்ல என்னைப் பார்த்தாலே ஏன் மேடம் கத்துறாங்க?" என்று கேட்டார்.

அடுத்தது நீ. வேலையை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், இங்கேயே இருக்கவா, திரும்பி வந்துடவா என்று நீ குழுவில் ஓட்டுக் கேட்டது ஒரு வியாழக்கிழமை ஏழு ஐம்பதுக்கு. அந்த நர்ஸ் பெண் கையில் டிக்கெட்டோடு அழுதுகொண்டு நிற்கும் நேரம். அதே நீலப் பட்டையில் உன் கேள்வி வந்திருக்கிறது. உன் பெயர் மூலையில் கடுகளவு, அப்பாவின் கண்ணாடி ஃபிரிட்ஜ் மேலே. "வரக் கூடாது, அங்கேயே இருக்கட்டும்" என்று அப்பா, அத்தை, சித்தப்பா மூவரும் ஒருமனதாகத் தீர்மானித்து, நான்கு ஓட்டும் விழுந்தது. அதோடு விட்டார்களா? கருத்துச் சொல்ல மைக் பொத்தான் இருக்கிறதாம். அத்தை ரிமோட்டை வாயருகே வைத்து, "வராதடி! வந்தா உன்னைத் தீர்த்துக் கட்டிடுவாங்க! இந்த வீட்ல ஒருத்தரும் மனுஷங்க இல்ல!" என்று கத்த, பின்னாலிருந்து உன் அப்பா, "உங்க அப்பனை நம்பாதே!" என்று சேர்ந்துகொண்டார். உனக்கு வந்த குரல் செய்தி அதுதான். கூச்சல் உள்ளறைக்குக் கேட்டது, நான் மாணவர்களின் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எழுந்து வரவில்லை. என் பங்கு அது.

நேற்றுத்தான் குழுவைத் திறந்து பார்த்தேன், செய்தியைப் போட்டும் கேட்டேன். இரண்டு ஞாயிறாக உன் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு டிவி முன்னால் உட்கார்ந்து நீ கூப்பிடக் காத்திருந்தார். அவரிடமே போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, போட்ட ஓட்டைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டார். எந்தத் தொடருக்கு சார் என்று அந்தப் பெண் கேட்க, "தொடருக்கு இல்லம்மா, என் பொண்ணுக்கு" என்றார். அதற்குத் தனி எண் இல்லையாம். அத்தை நேற்று மாலை வந்து டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சித்தப்பா மட்டும் மறு ஓட்டெடுப்பு வைக்கலாம் என்றார். நான் பார்த்த பார்வையில் ஏதோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

முடிவு உன்னுடையது, நீ படித்தவள், இந்த விஷயத்தில் பெரும்பான்மை என்ற பேச்சே கிடையாது. ஆனால் நீ என்னையும் கேட்டாய், என் பெயரில் யாரோ பதில் சொல்லிவிட்டார்கள். என் பதிலை நானே எழுதுகிறேன்: எனக்கு நீ வர வேண்டும். இதை நான் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் ஒரு ஓட்டு என்றாலும் கொஞ்சம் கூட்டியே எண்ணிக்கொள். இருந்துவிடத் தோன்றினால் இரு, அதற்காக ஒருநாளும் குத்திக்காட்டமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடு.

காலை உணவைத் தவிர்க்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நினைத்தது நல்லபடி நடந்து நீ நிறைவாக வாழ வேண்டும். பதிலைத் தபாலில் போடு, குழுவில் போடாதே, ஏழரை மணிக்கு நிச்சயம் போடாதே. கீழே இடம் விட்டிருக்கிறேன், அத்தையும் அப்பாவும் அவரவர் கையால் எழுதுவார்கள்.

ஆசியுடன்,
உன் அம்மா

கண்ணு, இந்த வீட்ல எல்லாரும் மனுஷங்கதான். சித்தப்பனை மட்டும் சொல்ல முடியாது. அந்த நர்ஸு பொண்ணும் ஊருக்கு வரப் போறாளாம். – அத்தை

செருப்பு அளவு சரியாக இருக்கிறது. சட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். உங்க அப்பனை நம்பு. – அப்பா