பக்கவாசலில் நிற்கும் என் அப்பா குறித்து

அனுப்புநர்:
சாருஜா சண்முகலிங்கம்,
லவால், கியூபெக்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
வடகரைத் தமிழர் பொது மண்டபம்,
மொன்றியல்.

பொருள்: மண்டபத்தின் கீழ்த்தளத்தில் பொம்மைத் துவக்குகளால் சுட்டு விளையாடும் எயர்சொஃப்ட் விளையாட்டு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்களுக்கு இருக்கும் வேலைகளுக்கு நடுவே இதை எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் என்பதால் பலருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்களுக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை.

1. சனிக்கிழமைகளில் மேல்மாடியில் நான் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அதே நேரம் கீழ்த்தளம் எயர்சொஃப்ட் குழுவுக்கு வாடகைக்கு விடப்படுகிறது. அந்தப் பிள்ளைகள் மரியாதையானவர்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை.

2. அவர்களில் விதுர்சன் என்பவரிடம் வாயுவில் இயங்கும் குறுந்துவக்கு ஒன்று உண்டு. தோளில் வைக்கும் கட்டை இல்லாததால் கோட்டுக்குள் அடங்கிவிடும். பிடிக்குள் வாயு நிரப்புவார்கள். தோட்டா போன்ற சிவப்புக் குப்பிக்குள் பிளாஸ்ரிக் குண்டுகள் இருக்கும். ஒரு தடவை அழுத்தினால் மூன்று குண்டுகள் சேர்ந்து பாயும். குளிரில் வாயுவின் வேகம் குறைந்துவிடும் என்பதால் அதை உடம்போடு அணைத்து, சூடாக வைத்துக்கொண்டு வருவார்கள். விற்பனைப் பக்கத்தைத் தேடி வாசித்தேன். அசல் துவக்கின் பாரம், குழலுக்குக் கீழே உள்ள முன்கட்டையைப் பின்னுக்கு இழுக்கும்போது அசலின் சத்தம் என்று சிறப்புகளாகப் போட்டிருக்கிறார்கள்.

3. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா பக்கவாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் வந்த விதுர்சன், கோட்டுக்குள் இருந்து துவக்கை எடுத்து, சரியாக இருக்கிறதா என்று முன்கட்டையை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். படிக்கட்டு யன்னலால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா திரும்பினார். ஒரு கையை உயர்த்தினார். மற்றக் கையால் சட்டைப் பையில் இருந்த, படம் போட்ட மருத்துவ அட்டையை எடுத்து நீட்டினார்.

4. விதுர்சனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீட்டியதை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். நண்பர்கள் கூப்பிட, கீழே இறங்கிவிட்டார். நான் ஓடிப்போய், வாங்கோ அப்பா, போவம் என்றேன். அவர் உதடு அசையாமல் சொன்னார்: "பொறு பிள்ளை. அவர் இன்னும் போகச் சொல்லேல்லை."

5. விளையாட்டு முடிந்து எல்லோரும் போகும்வரை பனியில் அவரோடு நின்றேன். ஊரில் ஆமி மறித்த எந்தச் சோதனைச் சாவடியில் நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை.

6. அப்பா டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிறார். பாஸ் காட்டி உள்ளே போவது அவருக்குப் புதிதல்ல. இப்போது காவலர் போகச் சொல்லிக் கையசைத்தாலும் நகராமல் நிற்கிறாராம். இப்படியே போனால் வேலை நிலைக்காது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தாலும் சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியில், அட்டையும் கையுமாக நிற்கிறார்.

7. உங்கள் குழு உறுப்பினர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அது விளையாட்டுச் சாமான் தானே பிள்ளை என்றார். உண்மைதான். அப்பாவுக்கும் அது தெரியும்.

ஆகவே, துவக்குகளைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தே மண்டபத்துக்குக் கொண்டுவரச் செய்யுமாறும், அந்த விளையாட்டை வகுப்பு இல்லாத வேறொரு நாளுக்கு மாற்றுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. கேட்கக் கூச்சமாக இருந்ததால் கடைசிக்கு வைத்தேன். விதுர்சனை ஒருநாள் வெறுங்கையோடு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைப்பீர்களா? அப்பா நீட்டும் அட்டையை வாங்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்து, நீங்கள் போகலாம் என்று அவர் சொல்ல வேண்டும். நான் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சொன்னால் செல்லாது.

பணிவுடன்,
சாருஜா சண்முகலிங்கம்

இடம்: லவால்
திகதி: 16.02.2025