மார்த்தாவின் கை

வியாழன், கார்த்திகை 1988

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் டொச், அதாவது ஜெர்மன் மொழி வகுப்பை இன்று ஊர்ச்சபைக் கூட்டத்தில் வாக்கெடுத்து நிறுத்திவிட்டார்கள். செலவு அதிகமாம். ஊர்க்காரர் எல்லோருக்கும் வாக்குண்டு; வெளிநாட்டவன் எனக்கு இல்லை, பின்னால் தனி நாற்காலியில் இருத்தினார்கள். நிறுத்தச் சொல்லி உயர்ந்த கைகளுக்கு நடுவே பக்கத்து வீட்டு மார்த்தாவின் கையையும் கண்டேன். என் மகள் சுமதிக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் கூடவே இருந்தவர் அவர். கூட்டம் முடிந்ததும் என்னைக் காணாததுபோல் நடந்து போய்விட்டார்.

சுமதி வீட்டு வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, வகுப்பு இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை. நிப்பாட்டிப்போட்டினம்."

அழுதாள். பிறகு கேட்டாள், "மார்த்தா மாமி எங்களுக்காகக் கதைச்சவவோ?"

"ஓம், கதைச்சவ" என்றேன்.

முகம் தெளிந்தது. காலையில் முதல் வேலையாக மாமிக்கு நன்றி சொல்லப் போகிறாளாம். அதை டொச்சில் பிழையில்லாமல் சொல்லிப் பழகியபடியே தூங்கிவிட்டாள்.