ஜூ என்று கேட்ட சொல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எழுதப் படிக்கக் கற்று எழுபத்தாறு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகிறது. ஆனாலும் எழுத்துகள் என் பேச்சைக் கேட்டு வந்து உட்காருவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. என் பேத்தி வெண்பா இதை உங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வாள்.

நெற்றித் தையல் ஆறிவிட்டதா? என் கையில் அந்தப் பாட்டில் வீசியவன் கடித்த இடம் இன்னும் வலிக்கிறது. அவனுக்கு முன்பல் இரண்டு போனதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அன்று கேட்டி என்ற ஊரில் நீங்கள் மேடையில் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் இருந்தவன் எழுந்து உங்களைப் பார்த்து "ஜூ! ஜூ!" என்று கத்தினான். எனக்குத் தெரிந்த ஜூ மிருகக்காட்சி சாலை. அதுவும் உங்கள் வேடிக்கைதான் என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"அப்புச்சி, சிரிக்காதீங்க! யூதன்னு அவரைத் திட்டறான். இவங்க ஆளுங்களை எரிச்சது பத்தலைங்கறான்!" என்று வெண்பா அலறினாள்.

அதற்குள் பாட்டில் உங்கள் நெற்றியில் உடைந்தது. மைக்கில் ரத்தம் வழிந்தது. அவன் அடுத்த பாட்டிலை எடுக்குமுன் ஊன்றுகோலால் அவன் வாயில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன்.

எல்லோரும் அதைப் பாராட்டுகிறார்கள். நீங்கள் மட்டும் என்னிடம் விடைபெறாமல் அடுத்த நிகழ்ச்சிக்கு நியூ ஜெர்சி போய்விட்டீர்கள். நான் அவனோடு சேர்ந்து சிரிக்கவில்லை, மாப்பிள்ளை.

அடுத்து பிளானோ ஊரில் மேடை ஏறும்போது எனக்கு முன் வரிசையில் நாற்காலி தருவீர்களா? வேண்டாம் என்றால் அதையே வெண்பாவைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். நானே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரியின் அப்புச்சி