ஸ்டார்ட்டரில் நீ கட்டிய டியூப் துண்டு

என் செல்ல அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்குமா என்று தெரியவில்லை. இங்கே இறங்குகிறது. உன் மாவு மில் இப்போது என் தலையில். என் தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, தினமும் நான்தான் வந்து ஷட்டரைத் தூக்குகிறேன்.

மாதா கோவில் திருவிழாவுக்குக் கொடியேறுகிற வாரம் பார்த்து மோட்டார் ஸ்டார்ட்டர் காலை வாரிவிட்டது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் கடகடவென்று ஒரு நடுக்கம், அப்புறம் கருகல் வாடை. வயர்மேன் திறந்து பார்த்துவிட்டு, "கான்டாக்டர் போச்சுக்கா. ரிலேயும் சரியில்ல. ரெண்டையும் மாத்திருங்க" என்றார். அதுவரைக்கும் அவை இரண்டு சாமான் என்பதே எனக்குத் தெரியாது.

கீரனூர் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். "மோட்டாரு எத்தன ஹெச்பி? பிளேட்டுல எத்தன ஆம்பியர் போட்ருக்கு? காயில் என்ன வோல்ட்டு?" என்று கடைக்காரர் அடுக்கினார். மிளகாய்த்தூளுக்கு எந்தச் சல்லடை என்று கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பேன். திரும்பி வந்து, மோட்டார் மேல் அப்பியிருந்த மாவைத் துடைத்து, பிளேட்டையும், பழைய கான்டாக்டருக்குள் இருந்த காயிலையும் போனில் படம் பிடித்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன்.

அங்கே இன்னொரு குழப்பம். வயர்மேன் போனில், "எல்லாத்தையும் ஒரு சைஸ் பெருசாவே வாங்குங்கக்கா, சும்மா சும்மா நிக்காது" என்கிறார். கடைக்காரர் தலையை ஆட்டுகிறார். "கான்டாக்டர் பெருசா இருந்தா தப்பில்லங்க. அது கரண்ட சேத்துவிடுற கை, அவ்வளவுதான். ரிலே அப்புடி இல்ல. மோட்டாரு தாங்காம இழுத்தா அதுதான் கண்டுபுடிச்சு நிறுத்தணும். அதையும் பெருசா போட்டா மோட்டாரு கருகுற வரைக்கும் அது பேசாம இருக்கும்" என்றார். பாதி புரிந்தது. அந்தப் பாதியும் திரும்பி வரும்போது பஸ் குலுக்கலில் கலங்கிவிட்டது. ஆனாலும் கான்டாக்டரை ஒரு சைஸ் பெரிதாகவும், ரிலேயை பிளேட்டில் இருந்த கணக்குக்கும், காயிலைப் பழைய வோல்ட்டுக்கும் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். உனக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பாய்.

வயர்மேன் வந்து மாட்டிக்கொடுத்தார். பகலில் நன்றாக ஓடியது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கியதும் கான்டாக்டர் 'டொக்' என்று பிடியை விட்டுவிட்டது, மில் நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி 'டொக்'. அதிரசத்துக்கு அரிசி கொண்டுவந்தவர்கள் எல்லாரும் வாளியோடு நிற்கிறார்கள். மச்சான்தான் உன் வீட்டிலிருந்து வந்து சொன்னார்.

"ஒங்கக்கா மூடியக் கழட்டிட்டு, கான்டாக்டர அமுக்கி சைக்கிள் டியூப்பால கட்டிரும். எம்புட்டு வோல்டேஜ் எறங்குனாலும் நிக்காது."

டியூப் துண்டு ஆணியிலேயே தொங்கியது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கட்டினேன், மெயினைப் போட்டேன், மில் ஓடியது. எனக்கு ஒரே பெருமை. உன் கை என் கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்டு போனது. மில் நின்றது. சும்மா இருக்கிற நேரத்தில் பெல்ட்டில் ஒட்டிய மாவைத் தட்டலாமே என்று துணியோடு குனிந்தேன். கரண்டு வந்துவிட்டது. பொத்தானை யாரும் அழுத்தவில்லை அக்கா, டியூப் அமுக்கிப் பிடித்திருந்ததால் மில் தானாகவே கிளம்பியது. கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு பெல்ட் சுற்றியது. துணி போனது, விரல் தப்பியது. நான் கத்திய கத்தலில் மச்சான் ஓடிவந்து மெயினை அணைத்தார்.

"கரண்டு போனா ஒங்கக்கா மொத வேலையா மெயின ஆஃப் பண்ணிரும். அதுக்கப்பறந்தான் அங்கிட்டு இங்கிட்டு நகரும். ஒனக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? நீ யாரிடமாவது சொன்னாயா? டியூப்பை எல்லாரும் பார்த்தோம், மெயினுக்குப் போகிற உன் கையை யாரும் கவனிக்கவில்லை. மச்சான்கூட நான் கத்திய பிறகுதான் நினைத்துப் பார்க்கிறார். உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அழுகையும் சேர்ந்து வந்தது.

இத்தனை வருஷம் அதன் பக்கத்தில் நின்றுதான் என்னோடு ஊர்க்கதை எல்லாம் பேசினாயா? தைரியமா, வேறு வழி இல்லையா? கட்டிவிட்டால் ரிலேயும் மோட்டாரை நிறுத்தாது என்று உனக்குத் தெரியுமா, தெரிந்துதான் செய்தாயா? யோசிக்க யோசிக்க ஒன்றும் பிடிபடவில்லை. நீ கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

நானும் கட்டலாம், கரண்டு போனதும் மெயினை அணைக்கலாம். ஒரு நாள் மறந்துவிடுவேன் அக்கா. என்னை எனக்குத் தெரியும். டியூப்பை அவிழ்த்து அடுப்பில் போட்டுவிட்டேன். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

நேற்றுச் சாயங்காலம் மில் மறுபடி நின்றது. பாதி அரைத்த மாவோடு ஒரு அம்மா சடைத்துக்கொண்டார்.

"ஒங்கக்கா இருந்தா இப்புடிப் பாதியில நிப்பாட்டுமா?"

"எங்கக்கா இல்லங்க" என்றேன். "நான்தான் இருக்கேன். காலையில வாங்க, வோல்டேஜ் நல்லா இருக்கும். மொத ஆளா ஒங்களுக்குத்தான் அரைச்சுத் தாரேன்."

நீ இல்லை என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடக்கத்தன்றுகூடச் சொல்லவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

உன் மில்லை மூட மாட்டேன் அக்கா. உன்னை மாதிரி ஓட்டவும் மாட்டேன். இந்த இரண்டையும் நீ பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பத்து விரலும் பத்திரமாக இருக்கிற,
உன் தங்கச்சி மேரி