மெதுவாகப் போகிறவன் முன்னால்

சாயங்காலம் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டேன். அந்தச் சொல்யூஷன் வாடை விரலை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாயிற்று, எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாயிற்று. இலை முன் உட்கார்ந்து ரசம் சாதத்தைப் பிசைந்தபோது குப்பென்று அந்த வாடை வந்தது. கூடவே நீயும் வந்து உட்கார்ந்துகொண்டாய். இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். சமயம் பார்த்து வருவது என்பது உனக்கு என்றைக்குத்தான் தெரிந்தது!

நாளைக் காலையில் கன்னியாகுமரிக்குப் புறப்படுகிறோம். யுத்தம் முடிந்து டயர் மறுபடி கடைகளுக்கு வந்துவிட்டது. என்னைத் தவிர எல்லோரும் புதிதாகச் சைக்கிள் பழகியவர்கள். கரமனைப் பாலத்தில் எதிரே மாட்டுவண்டி வந்தால் இறங்கி ஓரமாக நிற்கிற ரகம். உனக்கு ரொம்பப் பிடித்த ஜாதி.

நானும் அந்த ரகமாகத்தானே உன்னிடம் வந்தேன்? வந்தேன் என்பதும் பொய். நீ வந்தாய். என் மனைவி பிரசவத்தில் போய், குழந்தையும் தங்காமல், ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆபீஸ் என்று நான் கிடந்த வருஷம் அது. தெருவில் உள்ள பெரியவர்கள் எல்லாம் ஆறுதல் சொல்ல வருகிற சாக்கில் மடியில் ஒரு ஜாதகத்தையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். நீ மட்டும் ஒரு ஓட்டைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய். ஏறு என்றாய். முப்பது வயசுக்கு மேல் இது என்னத்துக்கு என்று எரிந்து விழுந்தேன்.

"என்னத்துக்கா? விழறதுக்கு. முதல்லே நன்னா விழணும் கேட்டியா, பின்னே ஓட்டலாம்."

நன்றாகவே விழுந்தேன். முழங்கால் தோல் உரிந்து எரிந்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு வேறு ஒரு இடத்தில் வலிக்கிறது என்று தோன்றியது. அதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு தடவை தள்ளிவிட்டிருப்பாய்.

அதன் பிறகுதான் அந்தப் பைத்தியக்கார யோசனை. சைக்கிள் பழகிக் கொஞ்ச நாளே ஆனவர்களாகச் சேர்த்துக்கொண்டு ஒரே பகலில் கன்னியாகுமரி. உன் சட்டம் ஒன்றே ஒன்று: இருப்பதிலேயே மெதுவாக ஓட்டுகிறவன் எல்லோருக்கும் முன்னால் போகவேண்டும், அவனை ஒருவரும் தாண்டக்கூடாது. நீ கடைசியில் வருவாய். யார் முன்னால் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்குப் பின்னால் ஆரியசாலை ஜவுளிக்கடைப் பிள்ளை. அவர் ஏறினால் சைக்கிள் முனகும். அவருக்கும் பின்னால் நம் தெருக்காரர்கள் மூன்று பேர்.

லீவு கிடைத்தது வியாழக்கிழமை. வியாழக்கிழமை தெற்கே சூலமாயிற்றே என்று உன் அம்மா கையைப் பிசைந்தாள். சைக்கிள்காரனுக்கு ஏது சூலம் என்று நீ சிரித்தாலும் அம்மா சொல்லைத் தட்டவில்லை. முதல் நாளே நல்ல வேளையில் ஏதாவது ஒரு சாமானைக் கொண்டுபோய் இன்னொரு வீட்டில் பரஸ்தானம் வைத்துவிட்டால், பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. நீயும் பம்பு, ஒட்டுத் துண்டு, சொல்யூஷன் எல்லாம் இருந்த பையை உன் அத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தாய். காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். அந்த உற்சாகத்தில் கரமனை வழியாகப் போகும்போது அத்தை வீட்டு வாசலில் மணியடித்துக் கையை வேறு ஆட்டிவிட்டு, அப்படியே தெற்கே போய்விட்டோம்.

பாறசாலை தாண்டியதும் என் பின்சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்தது. நீ கடைசியிலிருந்து ஓடிவந்தாய். தோளில் பையைத் தேடித் தடவினாய், பிறகு இன்னொரு தோளைத் தடவினாய். உன் முகம் போன போக்கைப் பார்த்துப் பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நம்ம பம்புக்கு ஒரு தோஷமும் வராது சாமி. சௌக்கியமா அத்தை வீட்டிலே இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தொட்டது எதுவும் துலங்காது என்ற நினைப்பு மறுபடி வந்துவிட்டது. நீங்கள் போங்கள், நான் பஸ் பிடித்துத் திரும்புகிறேன் என்றேன். அன்றைக்குத் திரும்பியிருந்தால் மறுபடி வாசல் கதவைத் திறந்திருக்கமாட்டேன். அது எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கிறது. நீ உன் சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டு, என்னுடையதைத் தள்ளிக்கொண்டு தெற்கே நடந்தாய். குழித்துறையில் சைக்கிள் கடை உண்டு என்றாய்.

உன் சைக்கிளில் ஏறிக்கொண்டு உன்னைத் தாண்டிப் போவதா? நானும் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னால் பிள்ளை இறங்கிவிட்டார். "முன்னாலே நடக்காங்க, நாம மட்டும் எப்படி ஏறிப் போறது? எல்லாரும் இறங்குங்க." நல்ல வெயில். வழியில் போனவர்கள், ஆறு பேர் ஆறு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

அந்த நடையில்தான் நான் அவளைப் பற்றிப் பேசினேன். யாரிடமும் அதுவரை பேசவில்லை. அவளுக்கு முருங்கைக்காய் பிடிக்காது என்று ஆரம்பித்தேன். எதற்கு அதைச் சொன்னேன், தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து என்னிடம் முதலில் குழந்தையைப் பற்றிச் சொல்லி, பிறகு அவளைப் பற்றிச் சொன்னதுவரை வந்தபோது நடுரோட்டில் நின்று விக்கி விக்கி அழுதேன். நீ என்னைத் தேற்றவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாய்.

"அழு. எவ்வளவு நேரம் வேணுமோ அழு. இங்கே யாரும் உன்னைத் தாண்டிண்டு போகமாட்டா."

திரும்பிப் பார்த்தேன். பிள்ளை எல்லோரையும் தூரத்திலேயே நிறுத்திவைத்து, என்னமோ வயலைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கிவிட்டிருந்தது. கடலில் காலை நனைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டோம். அது புளித்துவிட்டது என்று நான் முகத்தைச் சுளித்ததும் நீ கைகொட்டிச் சிரித்தாய். இவனுக்கு நாக்கில் ருசி திரும்பிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாய்.

இரண்டு தடவை போனோம். மூன்றாம் தடவைக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது உனக்கு விஷ ஜுரம் வந்தது. கட்டிலில் உன் கை கால் எல்லாம் குச்சியாகக் கிடந்தது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தடவை நான்தான்டா மெள்ள ஓட்டுவேன். என்னை முன்னாலே விடுங்கோ."

விடுகிறோம் என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்த வாரத்துக்குள் நீ இல்லை. பாவி, நான் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது.

இப்போது நான்தான் கடைசியில் வருகிறேன். வேறு யார் வருவார்கள்? போன தடவை பாறசாலை தாண்டியதும் கண்ணில் வழி தெரியவில்லை. முன்னால் அத்தனை முதுகுகள். ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் வருகிறவன் அழுதால் ஒருவருக்கும் தெரியாது. எனக்குப் பின்னால் வந்துகொண்டு நீ எத்தனை நாள் அழுதாயோ என்று அப்போதுதான் தோன்றியது. கேட்க நீ இல்லை.

அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு நீ இருந்தாய். உன்னைப் பற்றி நான் யாரிடமடா சொல்வேன்?