பாதி இறங்கிய ஸ்லீவ்

அண்ணே,

நேற்று பழைய இரும்பு எடுக்கிறவர் வந்திருந்தார். பட்டறை ஷட்டர் ஓரத்தில், நீ கடைசியாகக் கைவைத்த டிராக்டர் எஞ்சின் பிளாக் கிடக்கிறதே, அதன் மேல் போட்டிருந்த சாக்கை விலக்கிப் பார்த்தார். சூடுபட்ட இரும்பும் பழைய ஆயிலும் கலந்த வாடை எழுந்தது. உன் சட்டையிலிருந்து வரும் அதே வாடை. நான் ஓர் எட்டு பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"இது யாரு பாத்த வேலை? ஸ்லீவ் பாதியில நிக்குதே" என்றார்.

அம்மாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "எம் மவன் பாத்த வேலை. அவன் கை தப்பாது. இது ஏன் நின்னுச்சோ" என்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் அன்னைக்கு அங்கனதான இருந்த? ஏன்ட்டி நின்னுச்சு?"

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்றுதான் அந்தச் சாக்கையே நான் போட்டு வைத்திருந்தேன்.

அது இடைசெவல் அண்ணாச்சியின் டிராக்டர். ஆயிலில் தண்ணீர் கலந்து, பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. பிரித்துப் பார்த்தபோது நடு சிலிண்டரின் சுவரில் நகத்தால் கீறியது போல ஒரு விரிசல்.

"ரேடியேட்டருக்கு போர் தண்ணிதான ஊத்துனீங்க? உப்பு அரிச்சிருக்கு அண்ணாச்சி. நல்ல தண்ணி ஊத்தப்படாதா?" என்று கேட்டாய்.

"ஏலே, நல்ல தண்ணி எனக்கே வாரத்துக்கு ஒருக்கதான் வருது. அதை டிராக்டருக்குக் குடுத்துட்டு நான் டீசலையா குடிக்க?"

நீ சிரித்தது தெருமுனைவரை கேட்டது. அவர் சிரிக்கவில்லை. முதல் மழை பெய்திருந்தது. கரிசலில் ஈரம் கூடினால் டயர் புதையும். காய்ந்துவிட்டால் கொழு இறங்காது. நடுவில் கிடைக்கிற சில நாட்களுக்குள் அவர் உழுதாக வேண்டும்.

விரிசல் விட்ட சுவரைக் கடைந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு புது இரும்புக் குழாயை, அதாவது ஸ்லீவை, இறக்க வேண்டும். ஓட்டையைவிட ஸ்லீவ் மயிரிழை பெரிது. பிளாக்கைச் சூடாக்கி விரிய வைத்து, ஸ்லீவைக் கல்லுப்பு போட்ட ஐஸில் புதைத்துச் சுருங்க வைத்து, ஒரே மூச்சில் இறக்கிவிட வேண்டும். "நடுவுல நின்னா அவ்வளவுதான். மேலயும் வராது, கீழயும் போகாது" என்பாய். அன்று ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். நீ கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தாய்.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல்.

"ஏலே, வியாழக்கிழமை! ராகு காலம் பிறந்துட்டு. மூணு மணிக்கு மேல வையி."

"எம்மா, இரும்புக்கு ஏது ராகு காலம்?"

"இரும்புக்கு இல்லலே, ஒனக்கு."

அப்பா இறந்த பிறகு அவள் சொன்ன எதையும் நீ தட்டியதில்லை. பிளாக்கின் அடியில் எரிந்த அடுப்பைத் தணித்தாய். ஐஸ் பெட்டியின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடினாய். நம் ஊர் மத்தியான வெயில். மூன்று மணிக்குப் பெட்டிக்குள் வெறும் தண்ணீர்தான் இருந்தது. வேறு ஐஸ் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். நீ தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தாய். வாசலில் அண்ணாச்சி வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "குளிர்ச்சி இருக்கு, இறங்கிரும்" என்றாய்.

பாதிவரை வழுக்கிக்கொண்டு போனது. பிறகு நின்றுவிட்டது. ஜாக்கி வைத்து அழுத்தினாய். உள்ளே எங்கோ ஒரு சத்தம், விறகு முறிவது போலக்கூட இல்லை, அதைவிடச் சின்னது. பக்கத்து சிலிண்டர்வரை விரிசல் ஓடிவிட்டது என்பது உன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

"என் கைத்தப்பு அண்ணாச்சி. நாளைக்கே வேற பிளாக் கொண்டாந்து தாரேன்" என்றாய். அம்மாவிடமும் கைத்தப்பு என்றுதான் சொன்னாய். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "ராகு காலக் கதையை அம்மாட்ட பேசிராதட்டி. பாவம், எனக்காகச் சொன்னது" என்றாய்.

மறுநாள் விடியும்போதே பழைய பிளாக் ஒன்று பார்க்க மதுரைக்கு பைக்கில் கிளம்பினாய். சாத்தூருக்கு இந்தப் பக்கமே, நாற்கரச் சாலையில், ஒரு லாரி.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொல்லி அழுதாள். "நான் எந்திரிக்கதுக்கு முன்ன கிளம்பிட்டானே. நேரம் பாத்து அனுப்பாம விட்டுட்டேனே." தடுக்காமல் விட்டதுதான் தன் தவறு என்று இன்றுவரை நினைக்கிறாள். அதற்கு முந்திய நாள் அவள் தடுத்ததை நான் எப்படிச் சொல்வேன்? அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. உப்புத் தண்ணீர், முதல் மழை, வாங்காமல் விட்ட ஐஸ் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால் காரணத்துக்கு முடிவில்லை. ஆனால் அம்மா அப்படி யோசிக்க மாட்டாள். ஒரே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நின்றுவிடுவாள்.

நேற்று அவள் கேட்டதும், "ஐஸ் கரைஞ்சிட்டும்மா" என்றேன். அது பொய் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

"கரையிற வரைக்கும் ஏன் வச்சிருந்தான்?"

நான் இரும்புக்காரரின் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "இன்னொரு நாள் பாத்துக்கிடலாம், போயிட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி சாப்பிடவில்லை.

இன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமைகளில் ஏழரைக்கு முன்பே என்னை வேலைக்குத் துரத்திவிடுவாள். பிந்திவிட்டால் ஒன்பது மணிவரை வாசல் தாண்ட விடமாட்டாள். அதற்காக நான் போட்ட சண்டைகளெல்லாம் உனக்குத் தெரியும். இன்று பிந்திவிட்டது. நான் செருப்பை மாட்டினேன். அம்மா நாள்காட்டியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "போயிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

நீ சொல்லக் கூடாது என்றதை நான் சொல்லவே இல்லை அண்ணே. ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போனேன். "எம்மா, ராகு காலம்ல. முடியட்டும், போறேன்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "பஸ்ஸு போயிரும்லா" என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே.

"போனாப் போகுது."

ஒன்பது மணிவரை இருவரும் அடுப்படியிலேயே இருந்தோம். வெங்காயத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவள் உரித்தாள், நான் நறுக்கினேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, இனியும் வராது. ஆனால் அவள் 'நில்லு' என்று சொன்னால் நிற்பதற்கு இந்த வீட்டில் ஓர் ஆள் வேண்டும். நீ இருந்தவரை அந்த வேலை எனக்கு இல்லாமல் இருந்தது.