ஈயம் குடித்த வில்லைகள்

என் செல்வி அக்காவுக்கு,

நீ வேலை பார்த்த அதே பீங்கான் பொம்மைப் பட்டறையில்தான் இப்போது நான் இருக்கிறேன். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். "படிச்ச பொண்ணு, இந்தப் பக்கமே வராதடி" என்பாய். வந்துவிட்டேன். பொம்மைக்குப் பளபளப்புத் தரும் கிளேஸ் பூச அல்ல, நீங்கள் கழுவிக் கொட்டிய கிளேஸ் தண்ணீரைச் சுத்தம் செய்ய.

உன் சிறுநீரகம் கெட்டு நீ எங்களை விட்டுப் போனதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. சாயங்காலமானால் தொட்டியைக் கவிழ்த்தவளும் நீதான். "பால் மாதிரிதானடி இருக்குது, என்னா பண்ணிடும்?" என்று சிரித்துக்கொண்டே வாய்க்காலில் ஊற்றுவாய். வாய்க்கால் ஓரத்துக் கைபம்பில்தான் நம் தெருவே குடித்தது. அந்தப் பாலில் ஈயம் இருந்தது, அக்கா. உனக்கு ஏன் யாருமே அதைச் சொல்லவில்லை?

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு மண் வில்லைகள், அவற்றின் மேல் நானோ இரும்புத் துகள். கண்ணுக்குத் தெரியாத பொடிசு. அவ்வளவு பொடிசாக இருப்பதால்தான் ஈயம் ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடம். வில்லைகளை டிரம்மில் அடுக்கிக் கழிவுநீரை மெல்ல இறங்கவிட்டால் ஈயம் அதிலேயே தங்கிவிடும். ஆனால் வில்லையை இளஞ்சூட்டில்தான் வாட்ட வேண்டும். சூடு ஏறினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடும், ஈயத்தைப் பிடிக்காது.

சூளைக்கு இன்றும் கலியபெருமாள் அண்ணன்தான். வெந்து வந்ததை விரலால் சுண்டிப் பார்ப்பார், கணீரென்று கேட்டால்தான் வெளியே விடுவார். என் வில்லையோ மொத்தென்றது. பிள்ளை பாடுபட்டுச் செய்தது வீணாகிவிடுமே என்று, என்னிடம் சொல்லாமலேயே திரும்ப முழுச் சூட்டில் ஏற்றிவிட்டார். அத்தனையும் கணீர் கணீரென்று வந்தன. டிரம்முக்குள் போன ஈயமும் அப்படியே வெளியே வந்தது.

முதலாளி சிரித்தார். "மண்ணுல மருந்து தடவுனா தண்ணி சுத்தமாயிடுமா? டிரம்ம தூக்கிப் போடும்மா." நான் தூக்கவில்லை. அண்ணனிடம் போய் விவரம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "என் ஆயுசுல வேவாத சாமான எடுக்கச் சொன்னவ நீ ஒருத்திதான் பாப்பா. சரி, எடுத்துத் தரேன்" என்றார். இந்த முறை ஈயம் நின்றுவிட்டது. பரிசோதனைத் தாளைப் பார்த்து அழுதேன். அதை உன்னிடம் காட்ட முடியவில்லையே என்றுதான் அழுதேன்.

இப்போதுதான் சண்டை. பிடித்த ஈயம் எங்கேயும் மாயமாகிவிடுவதில்லை, வில்லையில்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய வில்லைகளை மூட்டை கட்டி, அபாயக் கழிவுக்கென்று உள்ள கிடங்குக்கு அனுப்ப வேண்டும். முதலாளி வாய்க்கால் கரையைக் காட்டினார். "ஒடஞ்ச பொம்மையெல்லாம் அங்கதான கொட்டறோம். இதையும் கொட்டிட்டு, எல்லாம் சரியா இருக்குதுன்னு கழிவுச் சான்றுத் தாள்ல கையெழுத்துப் போடு." மாட்டேன் என்றேன். "அப்ப வேற ஆளு போடுவான். நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கலியபெருமாள் அண்ணன் உள்ளே வந்தார். "மொதலாளி, இந்தப் பொண்ணு போவுதுன்னா சூளைக்கும் வேற ஆளப் பாத்துக்குங்க" என்றார், குரலைக்கூட உயர்த்தாமல். உன்னோடு கிளேஸ் பூசியவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் வந்து நின்றார்கள். முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்து என்ன சொல்வார்? எனக்குத் தெரியாது. அவர் வருவதற்குள் இதை எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. ஆனாலும் அந்த மூட்டைகள் லாரி ஏறுவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்தத் தாளில் என் பெயர் விழும். வேலை போனால் போகட்டும். நம் தெருவில் இன்னொரு தங்கை தன் அக்காவுக்கு இப்படி ஒரு கடிதம் எழுத விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

சொன்ன பேச்சு கேட்காத உன் தங்கை,
மல்லிகா